ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகம்?

தரம் 2, 3 பிள்ளைகள் பலருக்குச் சொல் தெரியும், கேட்டவுடன் வாயில் வராது. தெரிந்ததை மளமளவென்று தேடி எடுக்கும் திறன் பதின்ம வயது வரை வளரும். அதை வீட்டிலேயே பழக்கலாம்.

போனில் 60 செக்கன் வையுங்கள். "தெரிஞ்ச மிருகம் எல்லாம் சொல்லு" என்று மட்டும் கேளுங்கள். சொல்வதை அப்படியே கொப்பியில் எழுதி, 15 செக்கனுக்கு ஒரு கோடு போடுங்கள். முதல் கோட்டுக்குள் சொற்கள் கொட்டும், பிறகு குறையும். பெரியவர்களுக்கும் அப்படித்தான். திரும்பச் சொன்னதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

எண்ணிக்கையை விட வரிசையைக் கவனியுங்கள். நாய், பூனை, ஆடு, மாடு என்று வந்து அதோடு நிற்கிறதா, அது முடிந்ததும் சிங்கம், புலிக்குத் தாவுகிறதா? பிந்தி முதிர்வது இந்தத் தாவல்தான். பிள்ளை தடுமாறியதும் "யானை" என்று எடுத்துக் கொடுத்தால் கிடைப்பது ஒரே ஒரு சொல். "தெஹிவளை ஸூவில என்ன இருந்தது?", "கடலுக்குள்ள?" என்று இடத்தை மட்டும் கொடுங்கள். சில வாரம் போன பின், தொடங்கும் முன்பே "எங்கெங்க தேடப் போறாய்?" என்று கேட்டு, இடங்களையும் பிள்ளையையே சொல்ல வையுங்கள்.

ஒரு எழுத்தில் தொடங்கும் சொற்களைச் சொல்லும் எழுத்து விளையாட்டு இதைவிடக் கடினம். வாசிப்பு சரளமான பிறகு, தரம் 4 அளவில் தொடங்கலாம். 'ப' மட்டும் என்றால் சீக்கிரம் முட்டும். பா, பி, பு, பூ எல்லாம் சேரட்டும். ஆட்பெயர் கூடாது, விட்டால் வகுப்பு இடாப்பே வந்துவிடும்.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் பல வீடுகளில் மூன்று மொழி புழங்குகிறது. ஆங்கில மொழிமூலம் படிக்கும் பிள்ளையைத் தமிழில் மட்டும் எண்ணினால் குறைவாகத் தெரியலாம். ஒரு நாள் தமிழில், இன்னொரு நாள் எந்த மொழியிலும் சொல்லவிடுங்கள். அன்று நாய், டொக், பல்லா (சிங்களத்தில் நாய்) மூன்றும் சேர்ந்து ஒன்றுதான்.

கிழமைக்கு இரண்டு தடவை போதும். தலைப்பை மாற்றிக்கொண்டே இருங்கள்: மீன், பழம், சமையலறைச் சாமான். ஒரே தலைப்பென்றால் பிள்ளை பட்டியலைப் பாடமாக்கிவிடும், எண்ணிக்கை ஏறும், தேடும் பழக்கம் வராது.

திக்கிப் பேசும் பிள்ளைக்கு நேரம் வைக்கவே வேண்டாம். அவசரம் திக்கலைக் கூட்டும். அதற்குப் பேச்சு சிகிச்சையாளரிடம் காட்டுங்கள்.