ஓ.பி.யில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எம்.டி. முடித்து மருத்துவக் கல்லூரியில் புதிதாக உதவிப் பேராசிரியராகச் சேர்பவர்களை ஓ.பி.யில் (புறநோயாளிகள் பிரிவில்) பார்த்தால், அதே பழைய தவறுகள் வரிசை மாறாமல் வருகின்றன. எங்கள் செட்டும் செய்தவைதான். தாமதமாக வருவது, நடுவில் போனை எடுப்பது போன்றவற்றைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மாணவர் முடிக்கும் முன் விடையைச் சொல்லிவிடுவது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். வெளியே கூட்டம் வராந்தாவைத் தாண்டி நிற்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாணவி "52 வயது, 8 வருஷமாகச் சர்க்கரை" என்று தொடங்கும்போதே ஓ.பி. சீட்டைப் பிடுங்கினால் எப்படி?

போன வருஷம் சுகர் ஓ.பி.யில் நடந்தது. சீட்டில் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை 290. உதவிப் பேராசிரியர் உடனே சொன்னார்: "கன்ட்ரோல் இல்லை, கிளிமிபிரைடு மாத்திரையை 2 ஆக்கு. அடுத்தது?" அவ்வளவுதான். கூடவே அந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்று அருமையாக ஒரு குட்டிப் பாடம். மாணவி தலையாட்டினாள். நோயாளி மருந்து வாங்கப் போன பிறகு அவள் நோட்டை எட்டிப் பார்த்தேன். "நூறு நாள் வேலைக்குச் சாப்பிடாமல் கிளம்புகிறார். மாத்திரை போட்டால் 11 மணிக்குப் படபடப்பு, வியர்வை, கை நடுக்கம். அதனால் வேலை நாட்களில் போடுவதில்லை." லோ சுகருக்கு இதைவிடத் தெளிவான ஹிஸ்டரி வேண்டுமா? அந்தம்மாவை மருந்தக வரிசையிலிருந்து திரும்பக் கூட்டிவந்தோம். டோஸைக் கூட்டுவதல்ல, மருந்தையே மாற்ற வேண்டிய கேஸ். "ஏம்மா முதல்லயே சொல்லலை?" என்று உதவிப் பேராசிரியர் மாணவியிடம் கேட்டதற்கு, "நீங்க கேக்கலையே சார்" என்றாள்.

டாக்டர்கள் நோயாளியின் பேச்சில் சராசரியாக 18 நொடியில் குறுக்கிட்டுவிடுகிறார்கள் என்ற 1984ஆம் ஆண்டு பெக்மன், ஃபிராங்கல் ஆய்வை வகுப்பில் சொல்லி மாணவர்களைப் பயமுறுத்துகிறோம். அவர்களுக்கு நம்மிடம் அந்த 18 நொடியும் கிடைப்பதில்லை.

நேரமில்லை என்பவர்களுக்காகவே 1992இல் அமெரிக்காவில் நெஹரும் சக மருத்துவர்களும் ஐந்து படிகளை வகுத்தார்கள். 'ஒன் மினிட் பிரிசெப்டர்' என்பது அதுதான். என்ன நினைக்கிறாய், எதை வைத்து அப்படி நினைக்கிறாய் என்று முதலில் இரண்டு கேள்வி. அப்புறம் மற்ற நோயாளிகளுக்கும் பொருந்துகிற ஒரு விதி, சரியாகச் செய்தது எது, திருத்திக்கொள்ள வேண்டியது எது. நம்மவர்கள் முதல் இரண்டையும் விட்டுவிட்டு நேராக மூன்றாவதில் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். "என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டிருந்தால், அந்த மாணவி "மாத்திரையைப் பாதி நாள் விடுகிறார், அதான் ஏறியிருக்கு சார்" என்றிருப்பாள். கேட்டுவிட்டு ஐந்து நொடி பேசாமல் இருக்க வேண்டும். அதுதான் கஷ்டம். தப்பாகச் சொன்னாலும் நஷ்டமில்லை, யோசனை எங்கே பிசகியது என்பது தெரிந்துவிடும்.

நோயாளியை வைத்துக்கொண்டு ஆங்கிலத்திலேயே பேசுவது

'மாலிக்னன்சி' (புற்றுநோய்) என்றால் அவருக்குப் புரியாது என்று நினைக்காதீர்கள். நாம் குரலைத் தாழ்த்துவது புரியும். பயமுறுத்தும் சாத்தியங்களை அறைக்கு வெளியே பேசிக்கொள்ளுங்கள். மற்றதைத் தமிழிலேயே பேசினால் மாணவர் விட்டதை நோயாளியே எடுத்துக்கொடுப்பார்: "இல்ல சார், வலி இடது பக்கம்."

எல்லா கேஸிலும் பாடம் நடத்துவது

ஒரு காலைக்கு இரண்டு கேஸ் போதும்.

எல்லோருக்கும் ஒரே கேள்வி

2019இல் வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்துக்குப் பிறகு முதலாண்டு மாணவர்களும் நோயாளிகளைப் பார்க்க வருகிறார்கள். அவர்களிடம் டிஃபரன்ஷியல் டயக்னோசிஸ் (என்னென்ன நோயாக இருக்கலாம் என்ற பட்டியல்) கேட்டு என்ன பயன்? நாடி பார்க்கச் சொல்லுங்கள். எந்த ஊரிலிருந்து வந்தார், பஸ்ஸுக்கு எவ்வளவு ஆனது, இன்றைக்கு வேலை போனதா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். டோஸ், பக்கவிளைவு எல்லாம் ஹவுஸ் சர்ஜனிடம் கேட்க வேண்டியவை.

நோயாளி முன்னால் திட்டுவது

வேண்டாம்.

"குட்" என்று சொல்லி அனுப்புவது

எது குட்? "கால் விரல் இடுக்கைப் பிரித்துப் பார்த்தது நல்லது. மோனோஃபிலமென்ட் (கால் உணர்ச்சியைச் சோதிக்கும் இழை) வைக்கும்போது அவரைக் கண்ணை மூடச் சொல்லவில்லை." இப்படிச் சொன்னால் அடுத்த சுகர் ஓ.பி.யில் மூடச் சொல்வார்.