ஒரு டேபிளுக்காக முழு பேக்கப்பையும் ஏற்ற வேண்டாம்

போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் ஒரே ஒரு டேபிள் கெட்டுப்போனால், பேக்கப்பை ஏற்றும் கருவியான பிஜி_ரீஸ்டோரை பேக்கப் ஃபைல் மீது சிறிய எல் ஆப்ஷனோடு ஓட்டி, உள்ளே இருப்பவற்றின் பட்டியலை ஒரு ஃபைலில் சேமியுங்கள். வேண்டாத வரிகளுக்கு முன்னால் அரைப்புள்ளி வைத்துவிட்டு, அதே ஃபைலை கேப்பிடல் எல் ஆப்ஷனுக்குக் கொடுத்தால் மிச்சமிருக்கும் வரிகள் மட்டும் ஏறும். ஏற்றுவது புதிதாக உருவாக்கிய காலி டேட்டாபேஸில், ஓடிக்கொண்டிருப்பதில் அல்ல.

கஸ்டம் வகை டம்புக்குள், அதாவது அந்த வகையில் எடுத்த பேக்கப் ஃபைலுக்குள், எது எங்கே இருக்கிறது என்று ஒரு பொருளடக்கம் இருப்பதால்தான் இது நடக்கிறது. தோவாளையில் விடிவதற்குள் பூ வியாபாரம் சூடுபிடித்துவிடும், அந்த நேரத்தில் விலை டேபிள் ஒன்றுக்காக பல வருடக் கணக்கையும் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்க எந்தக் கடைக்காரர் விடுவார்? சிறிய டி ஆப்ஷனில் டேபிள் பெயரைச் சொன்னாலே போதுமே என்று தோன்றும், ஆனால் அது டேபிளில் வேகமாகத் தேட உதவும் இன்டெக்ஸ்களைக் கொண்டுவராது. பட்டியலிலும் இன்டெக்ஸ் அதன் சொந்தப் பெயரில்தான் இருக்கும், டேபிள் பெயரை மட்டும் தேடினால் கண்ணில் படாமல் போகலாம்.

கட்டளைகளை வெறும் டெக்ஸ்டாக எழுதிவைக்கும் சாதாரண எஸ்க்யூஎல் டம்பாக எடுத்திருந்தால் இது பலிக்காது, பிஜி_ரீஸ்டோர் அதைத் தொடவே தொடாது. டிஸ்க்கை அப்படியே நகலெடுத்த ஸ்னாப்ஷாட்டுக்கும் அப்படித்தான். அதை வேறு சர்வரில் முழுதாக எழுப்பி, அங்கிருந்து டேபிளை டம்ப் எடுக்க வேண்டும்.