கத்திரி வெயிலில் சூரியன் கிட்ட வருகிறதா? அறிவியல் விளக்கம் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்ணன் மகளுக்கு ஒன்பது வயது. போன மே மாதம் மொட்டைமாடியில் வற்றல் காயவைக்கப் போனவள், கால் சுட்டு ஓடி வந்து, "சித்தப்பா, இப்ப மட்டும் ஏன் இவ்வளவு வெயில்?" என்று கேட்டாள். "அக்னி நட்சத்திரம்மா, சூரியன் பூமிக்குக் கிட்ட வந்திருக்கு" என்று வீட்டில் இருந்த எல்லாரும் சொன்னோம். நானும் சொன்னேன். அவளும் சரி என்று போய்விட்டாள். ராத்திரி படுத்த பிறகுதான் அந்தப் பதில் உறுத்த ஆரம்பித்தது.

பூமி சூரியனைச் சுற்றும் பாதை முழு வட்டம் இல்லை, லேசாக நீண்டது. அதனால் தூரம் மாறத்தான் செய்கிறது. ஆனால் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், ஏறக்குறைய 14.7 கோடி கிலோமீட்டர். மிகத் தொலைவில் இருப்பது ஜூலை முதல் வாரத்தில், சுமார் 15.2 கோடி கிலோமீட்டர். அதாவது மார்கழிப் பனியில் வாசலில் கோலம் போடுகிறோமே, அந்த நாட்களில்தான் சூரியன் நமக்கு மிகவும் கிட்ட இருக்கிறது. தூரம்தான் வெயிலுக்குக் காரணம் என்றால் மார்கழியில் அல்லவா நாம் வெந்துபோக வேண்டும்? அதோடு, அதே ஜனவரியில் லண்டனில் குளிர்காலம், சிட்னியில் கோடைகாலம். இரண்டு ஊரும் ஒரே பூமியில்தானே இருக்கின்றன?

உண்மையில் வேலை செய்வது பூமியின் சாய்வு. அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பதால் வருடம் முழுக்க சூரியன் ஒரே உயரத்தில் நிற்பதில்லை. டிசம்பர் நடுப்பகலில் சென்னையில் சூரியன் தெற்கே சரிந்து, அடிவானத்திலிருந்து சுமார் 53 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். ஏப்ரல் கடைசியில் நேர் உச்சிக்கு வந்துவிடும். இதைக் காட்ட ஒரு காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி, செல்போன் டார்ச்சை அதற்குள் அடித்தால் போதும். குழாயைத் தரைக்கு நேராகப் பிடித்தால் சின்ன, பளிச்சென்ற வட்டம் விழும். சாய்த்துப் பிடித்தால் அதே வெளிச்சம் நீண்டு பரவி மங்கிவிடும். மறுநாள் அவளுக்கு இதைக் காட்டி, நேற்று தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றும் சொன்னேன். குழாயைச் சாய்ப்பதும் நிமிர்த்துவதுமாகக் கால் மணி நேரம் விளையாடினாள்.

இதில் நடந்த தவறு என்ன? எங்களுக்கு விஷயம் தெரியாமல் போனது பெரிய தவறில்லை. "அப்படியானால் வேறு என்ன நடக்க வேண்டும்?" என்று ஒரு தடவைகூடக் கேட்காமல் பதில் சொன்னோம். அன்றாட விஷயங்களுக்கு நாம் சொல்லும் தவறான விளக்கங்களில் முக்கால்வாசி இந்த ஒரு கேள்வியைத் தாங்காது.

குணத்தைக் காரணம் என்று சொல்வது

மண்பானைத் தண்ணீர் ஏன் ஜில்லென்று இருக்கிறது? "மண்ணுக்குக் குளிர்ச்சியான குணம்" என்பார்கள். இது விளக்கம் போலத் தெரியும், ஆனால் கேள்வியையே வேறு வார்த்தையில் திருப்பிச் சொல்வதுதான். மண்ணுக்கே குளிர்ச்சி இருந்தால், காய்ந்த வெறும் பானைக்குள்ளும் குளிர்ச்சி இருக்க வேண்டும். ஒரு தெர்மாமீட்டரை உள்ளே வைத்து மூடிப் பாருங்கள். அறையில் என்ன வெப்பமோ பானைக்குள்ளும் அதேதான்.

பானையின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். அவற்றின் வழியே தண்ணீர் கசிந்து வெளிப்புறம் ஈரமாகிறது, அந்த ஈரம் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை உள்ளே இருக்கும் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டரில் வெறும் 10 கிராம், அதாவது இரண்டு டீஸ்பூன் ஆவியானால், வெளியிலிருந்து வெப்பம் சேராதவரை மீதித் தண்ணீர் ஐந்தாறு டிகிரி குளிர்ந்துவிடும். அவ்வளவு வெப்பத்தை அந்தக் கொஞ்சம் நீர் கொண்டுபோகிறது.

காரணம் சரியாகப் புரிந்தால் கூடவே பல விஷயங்கள் விளங்கும். பெயிண்ட் அடித்த அழகான பானை ஏன் குளிர்விப்பதில்லை? துளை அடைபட்டுவிட்டது. ஒரே மாதிரிப் பானை கரூரில் நன்றாகக் குளிர்வித்து, சென்னைக் கடற்கரைப் பக்கம் ஏன் சுமாராக இருக்கிறது? கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம், அதனால் ஆவியாதல் மெதுவாக நடக்கிறது. பானையை அலமாரிக்குள் அடைத்து வைக்காமல் காற்றோட்டமாக வைக்கச் சொல்வதும் இதனால்தான். "குளிர்ச்சி குணம்" என்ற பதிலில் இவை எதற்கும் இடமில்லை.

பெரியவர் சொல்லிவிட்டார் என்று நிறுத்திக்கொள்வது

கடல் ஏன் நீலம்? வானத்தின் நீலம் அதில் தெரிகிறது என்போம். வானம் ஏன் நீலம் என்றால், கடலின் நிறம் அதில் தெரிகிறது என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டாவது உடனே விழுந்துவிடும்: கடலே இல்லாத தார் பாலைவனத்திலும் வானம் நீலம்தான். முதலாவது அப்படி லேசில் விழவில்லை. வானத்தின் நீலத்தைச் சரியாக விளக்கிய ரேலே பிரபுவே, ஆழ்கடலின் நீலம் வெறும் வானத்தின் பிரதிபலிப்பு என்று எழுதியிருந்தார். 1904-ல் இயற்பியல் நோபல் வாங்கியவர். அவர் சொன்ன பிறகு யார் சந்தேகப்படுவார்கள்?

திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் சந்தேகப்பட்டார். 1921-ல் இங்கிலாந்திலிருந்து 'நார்குண்டா' என்ற கப்பலில் திரும்பி வந்துகொண்டிருந்தபோது மத்தியதரைக் கடலின் நீலம் அவரை நிறுத்திப் பார்க்க வைத்தது. கையில் ஒரு சின்ன நிகல் பட்டகம் இருந்தது. நீர்ப்பரப்பில் குறிப்பிட்ட கோணத்தில் பட்டுத் திரும்பும் ஒளியை அதை வைத்து அணைத்துவிடலாம். அவர் கேட்டதும் அதே கேள்விதான்: பிரதிபலிப்புதான் நீலத்துக்குக் காரணம் என்றால், பிரதிபலிப்பை மறைத்ததும் நீலம் போய்விட வேண்டும் அல்லவா? பட்டகத்தைத் திருப்பிப் பார்த்தார். நீலம் போகவில்லை, இன்னும் அடர்த்தியாகத் தெரிந்தது. இதை எழுதி, பம்பாய் வந்ததும் 'நேச்சர்' இதழுக்கு அனுப்பினார். அந்த வழியில் தொடர்ந்த ஆராய்ச்சிதான் 1928 பிப்ரவரி 28-ல் ராமன் விளைவாக (ஒரு பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் சிறு பகுதி நிறம் மாறி வருவது) முடிந்து, 1930-ல் நோபல் பரிசாக வந்தது. எனக்கு இந்தக் கதை எத்தனை தடவை சொன்னாலும் அலுப்பதில்லை.

கதை அத்தோடு நிற்கவும் இல்லை. நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதுதான் நீலத்துக்குக் காரணம் என்றார் ராமன். இப்போது தெரிந்தவரை, அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு: தண்ணீர் சிவப்பு ஒளியைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிவிடுகிறது. ஒரு டம்ளரில் அது தெரியாது, பல மீட்டர் ஆழத்தில் தெரியும். ஆழத்தில் முக்குளிப்பவர்களுக்குச் சிவப்புத் துணி கறுத்துத் தெரிவதும் இதனால்தான். மேகமூட்டமான நாளில் கடல் சாம்பல் நிறமாக மங்குவதில் பிரதிபலிப்புக்கும் பங்கு இருக்கிறது. ஆக, ஒரே காரணத்தில் எல்லாவற்றையும் அடக்க அவசரப்படுவதும் தவறுதான்.

வானத்தின் நீலத்தை வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடி டம்ளரில் தண்ணீர், அதில் நாலைந்து சொட்டுப் பால், இருட்டு அறை, ஒரு டார்ச். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் தண்ணீர் லேசான நீலமாகத் தெரியும். டார்ச்சுக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தால் வெளிச்சம் மஞ்சளாக, கொஞ்சம் பால் கூடினால் ஆரஞ்சாகத் தெரியும். காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியைச் சிவப்பைவிட ஐந்தாறு மடங்கு அதிகமாகச் சிதறடிக்கின்றன. பகல் வானமும் சாயங்கால வானமும் இந்த டம்ளரின் இரண்டு பக்கங்கள்.

ஆபத்தில் முடியும் விளக்கங்கள்

"மேகமும் மேகமும் மோதிக்கொள்வதால் இடி" என்று நம்மில் பலர் கேட்டு வளர்ந்திருக்கிறோம். மேகம் என்பது நுண்ணிய நீர்த்துளியும் பனித்துகளும்தான், மோதினால் சத்தம் வராது. மேகத்துக்கு உள்ளே பனித்துகள்கள் ஒன்றோடொன்று உரசி மின்னூட்டம் பிரிகிறது. அது பாயும் பாதையில் காற்று 30,000 டிகிரி வரை சூடாகிறது. சூரியனின் மேற்பரப்பே சுமார் 5,500 டிகிரிதான். ஒரே நொடியில் வெடித்து விரியும் அந்தக் காற்றின் சத்தம்தான் இடி.

இதை நான் சின்னத் தவறாக நினைக்கவில்லை. இடி வெறும் மேகச் சத்தம் என்று நம்புகிற பிள்ளை, சத்தம் கேட்டும் மைதானத்திலேயே நிற்கும். இடி காதில் விழுந்தாலே மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று நொடி என்றால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். 30 நொடிக்குள் இடி வந்தால் உடனே கட்டடத்துக்குள் போக வேண்டும், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் வெளியே வரக்கூடாது. மரத்தடியில் ஒதுங்கவே கூடாது. ரப்பர் செருப்பு காப்பாற்றும் என்பதும் அப்படித்தான்: பல கிலோமீட்டர் காற்றைப் பிளந்து வரும் மின்சாரத்தை அரை அங்குல ரப்பர் தடுக்குமா?

அப்புறம் சமையலறை. குக்கரில் ஆவியின் அழுத்தம் பருப்பை நசுக்கி வேகவைக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. அழுத்தம் கூடும்போது தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை கூடுகிறது, 100 டிகிரிக்குப் பதில் சுமார் 120. வேகவைப்பது அந்த வெப்பம். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது, குக்கரில் வெந்துவிடும். விசில் என்பது மிச்ச ஆவி வெளியேறுவது மட்டும்தான். முதல் விசிலுக்குப் பிறகும் அடுப்பைப் பெரிதாக வைத்தால் உள்ளே வெப்பநிலை கூடாது, கேஸ்தான் வீணாகும். தீயைக் குறைத்துவிட்டு நிமிடத்தைக் கணக்கு வைக்கலாம்.

ஆளில்லாத அறையில் ஃபேனை ஓடவிட்டால் வந்து உட்காரும்போது ஜில்லென்று இருக்கும் என்பதும் இந்த வகைதான். ஃபேன் நம் வியர்வையை வேகமாக ஆவியாக்குகிறது, அறையைக் குளிர்விப்பதில்லை. பானையின் கணக்கேதான்.

அண்ணன் மகள் விடவில்லை. இந்த வருடம் ஏப்ரல் 24 அன்று மதியம் 12 மணிக்கு மாடியில் ஒரு தண்ணீர் பாட்டிலை நிமிர்த்தி வைத்தோம். 12.07 வாக்கில் நிழல் பாட்டிலுக்கு அடியிலேயே ஒடுங்கிவிட்டது. சென்னையில் ஆகஸ்ட் 18 வாக்கிலும் இதே போல சூரியன் நேர் உச்சிக்கு வரும் என்றேன். கொஞ்ச நேரம் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தவள், "அப்படின்னா ஆகஸ்ட்லயும் கத்திரி வெயில் அடிக்கணுமே சித்தப்பா?" என்றாள்.

நியாயமான கேள்வி. உச்சி வெயில் மட்டும் காரணம் இல்லை. மே மாதத்துக்குள் பல வாரம் மழையில்லாமல் தரை காய்ந்து சூடேறியிருக்கும், வானத்தில் மேகம் குறைவு, மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று கடற்காற்றைப் பிற்பகல் வரை உள்ளே விடாது. ஆகஸ்டில் தென்மேற்குப் பருவக்காற்று மேகம் கொண்டுவரும், சாயங்காலத்தில் மழை பெய்யும், தரை நனைந்திருக்கும். இதைச் சொன்னதும் ஆகஸ்ட் 18-ஐக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்தாள். அன்று மாடித் தரையில் தெர்மாமீட்டரும் வைக்க வேண்டுமாம்.