அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஓர் உணவு அலமாரி தொடங்குவது எப்படி?

பசியை யாரும் வெளியில் சொல்லிக்கொள்வதில்லை. வாடகை கொடுத்து, பிள்ளைகளின் கட்டணமும் கட்டிவிட்டு, மாதக் கடைசியில் இரவுச் சாப்பாட்டைத் தவிர்க்கும் குடும்பம் நம் பக்கத்துக் கதவுக்குப் பின்னாலேயே இருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்காக அக்கம்பக்கத்தார் ஐந்தாறு பேர் சேர்ந்து, தேவைப்படுகிறவர்கள் வந்து இலவசமாக எடுத்துச் செல்லும் ஒரு பொது உணவு அலமாரியை நடத்த முடியும். பெரிய பணமோ அறக்கட்டளையோ வேண்டாம். கொஞ்சம் ஒழுங்கு போதும்.

படி 1: திரட்டுவதற்கு முன் கேளுங்கள்

பெரும்பாலானவர்கள் முதலில் மூட்டைகளைச் சேர்த்துவிட்டு, யாருக்குக் கொடுப்பது என்று பிறகு தேடுவார்கள். இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்.

ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு, உணவுப் பாதுகாப்பின்மையை, அதாவது போதிய உணவு கிடைக்காத நிலையை, அளக்க எட்டுக் கேள்விகளைப் பயன்படுத்துகிறது. பணமோ வேறு வசதியோ இல்லாததால் நடந்ததா என்றுதான் ஒவ்வொரு கேள்வியும் கேட்கிறது. சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று கவலைப்பட்டீர்களா, சத்தான உணவு சாப்பிட முடியாமல் போனதா, ஒரே மாதிரியான சிலவற்றையே சாப்பிட்டீர்களா, ஒரு வேளையைத் தவிர்த்தீர்களா, வேண்டிய அளவைவிடக் குறைவாகச் சாப்பிட்டீர்களா, வீட்டில் உணவு தீர்ந்துபோனதா, பசித்தும் சாப்பிடாமல் இருந்தீர்களா, நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தீர்களா?

இவற்றை அப்படியே போய்க் கேட்டால் கதவு மூடிவிடும். ஆசிரியர், மருந்துக் கடைக்காரர், செவிலியர், வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள் ஆகியோரிடம் பேசுங்கள். எந்த வாரம் நெருக்கடி, எந்தப் பொருள் முதலில் தீர்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். முடிந்தால், உதவி தேவைப்படும் குடும்பங்களிலிருந்தே இருவரைக் குழுவில் சேருங்கள். உலகின் முதல் உணவு வங்கி 1967-ல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் தொடங்கியதே இப்படித்தான். கடைகளின் குப்பைத் தொட்டியில் கிடைத்த நல்ல உணவால் பிள்ளைகளை வளர்த்துவந்த ஒரு தாய், பணத்துக்கு வங்கி இருப்பதுபோல உணவுக்கும் ஓர் இடம் இருந்தால் நன்றாக இருக்குமே என்று சொன்ன யோசனையைத்தான் ஜான் வான் ஹெங்கல் என்ற தொண்டர் செயல்படுத்தினார்.

படி 2: இடமும் நேரமும்

மழை படாத, வெயில் அடிக்காத, எலி நுழையாத ஓர் அறை. ஒரு பூட்டும் இரண்டு சாவிகளும் வேண்டும்; சாவிகள் இரண்டும் ஒருவரிடமே இருக்கக்கூடாது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலாவது பொருள்கள் இருக்கட்டும். வேலைக்குப் போகிறவர்கள் வரக்கூடிய மாலை நேரத்தில் திறந்துவையுங்கள். பகல் பதினொரு மணிக்குத் திறக்கும் அலமாரி தொண்டர்களின் வசதிக்காக நடப்பது.

படி 3: பொருள் எங்கிருந்து வரும்?

2022-ல் கடை, உணவகம், வீடு எல்லாமாகச் சேர்ந்து உலகம் சுமார் 105 கோடி டன் உணவை, தோல் எலும்பு போன்ற தின்ன முடியாத பகுதிகள் உட்பட, வீணாக்கியதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் கணக்கிட்டது. அதில் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது. ஆனால் வீடு வீடாக மிச்சத்தைத் திரட்டி மாளாது. கடை, பேக்கரி, விடுதி என்றால் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கிடைக்கும். அவர்களிடம் போகும்போது "ஏதாவது கொடுங்கள்" என்று சொல்லாதீர்கள். "செவ்வாயும் வெள்ளியும் இரவு எட்டு மணிக்கு நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்" என்று சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்கு இரண்டு முறை போகாவிட்டால் மூன்றாம் முறை பொருள் இருக்காது.

வீடுகளிடம் தானியம், பருப்பு, எண்ணெய், சோப்பு எனக் கெடாத பொருள்களை மட்டும் கேளுங்கள். பணமும் கேட்கலாம்; மொத்தமாக வாங்கினால் அதே பணத்துக்குக் கூடுதலாகக் கிடைக்கும்.

படி 4: கெட்டதை யாருக்கும் கொடுக்காதீர்கள்

இந்தப் படியில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஏழை வயிறு என்றால் எதையும் தாங்கும் என்ற நினைப்பு இன்னும் பலரிடம் இருக்கிறது.

5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரிய அண்டாவில் அப்படியே வைத்தால் நடுப்பகுதி ஆற வெகுநேரமாகும். ஆழமில்லாத தட்டுகளில் பிரித்து ஆறவைத்து, 5 டிகிரிக்குக் கீழே குளிரூட்டுங்கள். மறுபடி சூடாக்கும்போது உள்ளே 70 டிகிரியாவது எட்ட வேண்டும். சமையல் வெப்பமானி ஒன்று வாங்குவது நல்ல செலவு. குளிர்பதனப் பெட்டி இல்லை என்றால், தொடக்கத்தில் சமைத்த உணவை ஏற்காமலிருப்பதே புத்திசாலித்தனம்.

பொட்டலத்தில் உள்ள தேதிகளையும் பிரித்துப் பாருங்கள். 'பெஸ்ட் பிஃபோர்' என்பது சுவையும் தரமும் பற்றியது. முறையாக வைத்திருந்தால் அந்தத் தேதிக்குப் பிறகும் பல உலர்பொருள்கள் நன்றாகவே இருக்கும். 'யூஸ் பை' பாதுகாப்பு பற்றியது. தாண்டினால் தூக்கிப் போட வேண்டியதுதான். கைக்குழந்தைகளின் பால் பவுடரில் எந்தத் தேதியாக இருந்தாலும் தாண்டக்கூடாது. உப்பிய டப்பா, கசியும் டப்பா, வீட்டில் அடைத்த புட்டி எதுவும் வேண்டாம்.

படி 5: கொடுக்கும் முறை

கட்டிய பொட்டலத்தை நீட்டாமல், வருகிறவர்களே எடுத்துக்கொள்ளும்படி அலமாரியை அடுக்குங்கள். சர்க்கரை நோயாளிக்கு வேண்டாதது, அடுப்பில்லாத அறையில் சமைக்க முடியாதது, எல்லாம் பொட்டலத்தில் போனால் வீணாகும். குறைவாக உள்ள பொருளுக்கு மட்டும் "குடும்பத்துக்கு ஒன்று" என்று எழுதி ஒட்டுங்கள்.

ஆதாரம் கேட்காதீர்கள். ஒருசிலர் தேவையில்லாமல் எடுத்துப் போகலாம், போகட்டும். அதைத் தடுக்கப் போடும் கெடுபிடி உண்மையில் பசித்தவரைத்தான் முதலில் விரட்டும். வாங்குகிறவர்களைப் படம் எடுக்கவே கூடாது. நன்கொடையாளர் கேட்டால் நிரம்பிய அலமாரியைப் படமெடுத்து அனுப்புங்கள்.

படி 6: ஒரு நோட்டுப் புத்தகம்

நாள், வந்த பொருள், எடை, போன எடை என்று நான்கு கட்டம். பெயர்கள் வேண்டாம். ஒரு மாதம் எழுதினாலே எது தேங்குகிறது, எந்த வாரம் காலியாகிறது என்று தெரிந்துவிடும். பணக் கணக்குக்குத் தனி நோட்டு வைத்து, அதை யார் கேட்டாலும் காட்டுங்கள்.

படி 7: அலமாரிக்கு அப்பால்

அலமாரி இந்த வாரத்தைக் கடத்தும், அவ்வளவுதான். பல குடும்பங்களுக்கு அரசு உதவி பெறும் தகுதி இருந்தும் விண்ணப்பம் நிரப்பத் தெரியாமலோ ஒரு சான்றிதழ் இல்லாமலோ விட்டுப்போயிருக்கும். ஆகவே அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு மேசையும், படிவம் நிரப்பத் தெரிந்த ஒருவரும், நகலெடுக்க வழியும் இருக்கட்டும். படிவத்தைக் கொடுத்த தேதியைக் குறித்துவைத்து, பதில் வரும்வரை அவரோடு அலுவலகத்துக்குப் போய்வர ஒரு தொண்டரை ஒதுக்குங்கள்.