0=0 என்பதன் பெயர் 90: கோடெல் எண் போடுவது எப்படி?

கணக்கின் மொழியில் எண்களைப் பற்றித்தான் பேச முடியும். அதில் எழுதும் குறிகளைப் பற்றியே பேச வேண்டுமென்றால், குறிகளுக்கு எண்ணால் பெயர் வைக்க வேண்டும். 'க' என்ற எழுத்தைச் சுட்ட நாம் 'ககரம்' என்கிறோமே, அதே தேவைதான். 1931இல் கர்ட் கோடெல் என்ற தருக்கவியல் அறிஞர் இதற்கு வழி காட்டினார்.

முதலில் பட்டியல்: 0 என்ற குறிக்கு 1, = குறிக்கு 2, 'அ'வுக்கு 3. ('அ' என்றால் அடுத்த எண், அ0 என்பது ஒன்று, அஅ0 இரண்டு.) கோடெல் 1, 3, 5 என்று ஒற்றைப்படை எண்களைக் கொடுத்திருந்தார், பழகுவதற்கு நம் பட்டியல் போதும்.

அப்புறம் 2, 3, 5, 7 என்று பகா எண்களை வரிசையாக எழுதி, அந்தந்த இடத்துக் குறியின் எண்ணை அடுக்காகப் போட்டுப் பெருக்குங்கள்.

0=0 → 2¹ × 3² × 5¹ = 90
அ0=0 → 2³ × 3¹ × 5² × 7¹ = 4200

நான் மாட்டிக்கொண்டது பட்டியலில்தான். 0 குறிக்கு 0, = குறிக்கு 1 என்று இயல்பாகத் தோன்றியபடி வைத்துவிட்டேன். 0=0 போட்டால் 3 வந்தது, அரைகுறையான '0=' போட்டாலும் அதே 3! பெருக்கலில்தான் தப்பு என்று ஒரு மாலை முழுக்கத் தேடினேன். அடுக்கு 0 ஆனால் எந்தப் பகா எண்ணும் 1 ஆகிவிடும், அந்த இடத்தில் ஒரு குறி இருந்த தடயமே போய்விடும். பட்டியலை 1இலிருந்து தொடங்குங்கள்.

திரும்பப் படிக்கக் காரணிப்படுத்தினால் போதும். லினக்ஸ் டெர்மினலில் ஃபேக்டர் (factor) கட்டளையோடு 4200 என்று கொடுத்தால் 2 2 2 3 5 5 7 என்று வரும். எக்செல் வேண்டவே வேண்டாம், 15 இலக்கத்துக்கு மேல் மிச்சத்தைப் பூஜ்யமாக்கிவிடும். பைத்தானில் அந்தத் தொல்லை இல்லை.

இப்போது இதைப் பாருங்கள்: "90ஐ 9 வகுக்கும், 27 வகுக்காது." வெறும் வகுத்தல் கணக்கு. 9 என்பது 3², 27 என்பது 3³, அதாவது 90இல் 3இன் அடுக்கு சரியாக 2. ஆனால் 0=0இல் இரண்டாவது குறி = என்பதையும் அதுவே சொல்லிவிடுகிறது. எனக்கு இன்றும் சிலிர்க்கும் இடம் இது.

பின்சேர்க்கை: ஒரு வாக்கியத்துக்குள் அதன் எண்ணையே எழுதிவிடலாமே என்று சிலர் கேட்டீர்கள். முடியாது. 90ஐ எழுதவே 90 'அ' வேண்டும், அத்தனை குறிகள் சேர்ந்தால் வாக்கியத்தின் எண் 90ஐத் தாண்டி எங்கேயோ போய்விடும். கோடெல் சுற்றிப் போனார். 'ய' என்பது எந்த எண்ணையும் போடக்கூடிய காலி இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "ய என்ற எண்ணுள்ள வாக்கியத்தில், ய வரும் இடத்தில் அந்த எண்ணையே போட்டால் கிடைப்பதை நிரூபிக்க முடியாது" என்பதைக் குறிகளால் எழுதி, அதற்கு எண் கண்டுபிடித்து, ய இருக்கும் இடத்தில் அந்த எண்ணைப் போடுங்கள். கிடைப்பது எந்த வாக்கியம் என்று பாருங்கள்: அது சுட்டுவது தன்னையேதான்.