சட்டத் தகவலை இணையத்தில் தேடும்போது குமரி மாவட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். கிறிஸ்தவக் குடும்பம். மகளுக்கு எவ்வளவு பங்கு? குளச்சலிலோ மார்த்தாண்டத்திலோ இருந்து ஒருவர் போனில் தேடும்போது, "மகனுடைய பங்கில் கால் பாகம் அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது" என்று ஒரு பக்கம் சொன்னால், அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. 1916-ஆம் ஆண்டு திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் அப்படித்தான் சொன்னது. ஆனால் அது 1951 ஏப்ரல் 1 முதலே செல்லாது என்று மேரி ராய் வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. 1951-இல் நம் பகுதியும் திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது.

இன்று பொருந்துவது 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். அம்மா இருந்தால் அவருக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மகன் மகள் எல்லோருக்கும் சமம். "உனக்குத்தான் கல்யாணத்துக்கு நகை போட்டாச்சே" என்று சொல்லிப் பங்கைக் குறைக்க அதே சட்டத்தின் 49-ஆம் பிரிவு இடம் தரவில்லை. பழைய பக்கம் ஒன்றைக் காட்டி, ஒரு பெண்ணை விடுதலைப் பத்திரத்தில் (தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் பத்திரம்) கையெழுத்துப் போடவைக்க முடியும் என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

ஆக, முதல் தவறு தேதி பார்க்காதது. பூர்வீகச் சொத்தில் இந்து மகளுக்குப் பங்கு வேண்டுமென்றால் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று 2015-இல் எழுதியது அன்றைக்குச் சரி. 2020-இல் வினீதா சர்மா வழக்கில் அந்த நிபந்தனை போய்விட்டது. 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்த மோசடிக்கும் '420' என்றே எழுதும் தளத்தை மூடிவிடலாம். இப்போது அது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு.

அடுத்தது எல்லைப் பிரச்சினை. களியக்காவிளைப் பக்கம் மலையாளத்திலும் தேடுவார்கள். கடை வாடகைத் தகராறுக்குக் கேரளச் சட்டத்தை விளக்கும் பக்கம் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் இங்கே உதவாது. நமக்கு 2019 பிப்ரவரி 22-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது. எந்த மாநிலம் என்றே சொல்லாத பக்கம் இன்னும் மோசம்.

அசோகச் சின்னத்தைப் பார்த்து அரசுத் தளம் என்று முடிவுகட்டாதீர்கள். இணைய முகவரி ".gov.in" அல்லது ".nic.in" என்று முடிகிறதா என்று பாருங்கள். சட்டத்தின் பெயர், ஆண்டு, பிரிவு எண் மூன்றும் இருந்தால் சட்டங்களின் மூல வடிவம் உள்ள 'இந்தியா கோட்' (India Code) அரசுத் தளத்தில் மூலத்தோடு ஒப்பிடலாம். இவை எதுவும் இல்லாமல் ஆதார் எண்ணை மட்டும் கேட்டால் வெளியே வந்துவிடுங்கள்.

அப்புறம், படித்ததோடு நின்றுவிடுவதும் தவறுதான். 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்கு அழைக்கலாம், நாகர்கோவிலில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் நேரிலும் கேட்கலாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. கையெழுத்துப் போடுவதற்கு முன்பே போங்கள். பதிவான பத்திரத்தை ரத்துசெய்யச் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டு அலைய வேண்டியிருக்கும்.