கிளீனர் சொல்வதும் சென்சார் காட்டுவதும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினி மெதுவானதும் வேண்டாத கோப்புகளை அழிக்கும் கிளீனர் மென்பொருள் ஒன்றை இறக்கி, அது காட்டும் எல்லாப் பெட்டிகளிலும் டிக் போடுவது பலரின் வழக்கம். இதில் மோசமானது, விண்டோஸும் மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வது. திரையில் சிவப்பாக வரும் நூற்றுக்கணக்கான ‘பிழைகள்’ பெரும்பாலும் நீக்கிய மென்பொருள்கள் விட்டுப்போன வெற்றுப் பதிவுகள்தான். விண்டோஸ் தனக்கு வேண்டிய பதிவை நேராகப் போய் எடுத்துக்கொள்ளும்; வேண்டாதவை கிடப்பதால் வேகம் குறையாது. தேவையான ஒன்று அழிந்தால் மட்டும் பிரிண்டரோ அக்கவுண்ட்ஸ் மென்பொருளோ திறக்காமல் படுத்துவிடும். இத்தகைய கருவிகளை மைக்ரோசாஃப்டே ஆதரிப்பதில்லை.

இடம் வேண்டுமென்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போங்கள். அங்கேயும் ‘டவுன்லோட்ஸ்’ பெட்டியில் டிக் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இருந்தால் நீங்கள் இறக்கி வைத்த ரசீதும் சான்றிதழும் சேர்ந்தே போகும். விண்டோஸை மேம்படுத்திய புதிதில் ‘பழைய விண்டோஸ் நிறுவல்’ என்பதையும் தொடாதீர்கள். புதியது ஒத்துவராவிட்டால் பழையதற்குத் திரும்ப வழக்கமாக 10 நாள் அவகாசம் உண்டு. கோப்புகளை அழித்தால் அந்த வழி அடைபடும். மென்பொருள்கள் சீக்கிரம் திறக்க விண்டோஸ் குறிப்புகள் வைக்கும் ப்ரீஃபெட்ச் கோப்புறையை அழிப்பது வீண் வேலை, விண்டோஸ் திரும்ப உருவாக்கிக்கொள்ளும்.

வெப்பம் பார்க்கும் மென்பொருளில் நடக்கும் தவறு வேறு வகை. ஒரு வரியில் 127 டிகிரி என்று பார்த்ததும் பதறி, பிராசஸரின் சூட்டைக் கடத்தும் பேஸ்டை மாற்றக் கிளம்புகிறார்கள். மதர்போர்டில் எதுவும் இணைக்காத சென்சார் முனை இப்படித்தான் காட்டும். சோதிப்பது எளிது: கணினியைப் பத்து நிமிடம் சும்மா விடுங்கள், பிறகு கனமான வேலை ஒன்றை ஓட்டுங்கள். எண் அசையவே இல்லையென்றால் அது பொய். பவர் சப்ளை தரும் மின்னழுத்தத்தைக் காட்டும் 12 வோல்ட் வரியில் 8 என்று காட்டினாலும் அப்படியே. உண்மையில் 8 வோல்ட்தான் வந்தால் கணினியே ஓடாது. விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் பயாஸ் அமைப்புத் திரையில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். இன்னும் சந்தேகமென்றால் பவர் சப்ளையிலிருந்து வரும் நான்கு வயர் மோலெக்ஸ் முனையில் மஞ்சள், கறுப்பு வயர்களுக்கிடையே மல்டிமீட்டர் வையுங்கள், 11.4 முதல் 12.6 வரை இருந்தால் பவர் சப்ளை சரி.

சென்சார் எண்களைக் காட்டும் எச்டபிள்யூமானிட்டர், எச்டபிள்யூஇன்ஃபோ, விசிறி கட்டுப்படுத்தும் மென்பொருள் என மூன்றையும் ஒரே நேரத்தில் திறந்து வைக்காதீர்கள். எல்லாம் மதர்போர்டில் உள்ள ஒரே சிப்பிடம்தான் கேட்கின்றன. ஒன்று கேட்டு முடிப்பதற்குள் இன்னொன்று புகுந்தால் விசிறி 0 சுற்று என்றோ, வெப்பம் திடீரென 200 என்றோ வரும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள்.

இத்தகைய மென்பொருள்கள் பல, சிப்பைத் தொட ‘வின்ரிங்0’ என்ற டிரைவரைப் பயன்படுத்தின. 2025 மார்ச்சிலிருந்து விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் அதைப் பிடித்து வைக்கத் தொடங்கியது. விசிறி மென்பொருள் நின்றுபோனதும் பலர் டிஃபெண்டரில் விலக்கு கொடுத்துவிட்டார்கள். அது தவறு, அந்த டிரைவரின் பாதுகாப்பு ஓட்டை உண்மையானது. அதைப் பயன்படுத்தாத புதிய பதிப்புக்கு மாறுங்கள்.

ஹார்ட் டிஸ்க்கைப் பொறுத்தவரை, அதன் நலத்தைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளின் மூலமதிப்புகள் இயல்பாகப் பதினாறடிமான எண்ணில் வரும். அங்கே 10 என்றால் பதினாறு. சீகேட் டிஸ்க்கில் ‘ரீட் எரர் ரேட்’ எதிரே பெரிய எண் இருப்பது இயல்பு. கவலைப்பட வேண்டியது, கெட்டுப்போய் மாற்றப்பட்ட பகுதிகளைக் காட்டும் ‘ரீஅலொகேட்டட்’, படிக்கச் சிரமப்படும் பகுதிகளைக் காட்டும் ‘கரண்ட் பெண்டிங்’ செக்டார் வரிகளைப் பற்றித்தான். இவை வாராவாரம் ஏறினால், கிளீனரையோ, சிதறிய கோப்புகளை ஒன்றுசேர்க்கும் டிஃப்ராக்கையோ ஓட்டி டிஸ்க்கை மேலும் வதைக்காமல் முதலில் கோப்புகளை வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். தரவு கேபிள் வழியே போகும்போது நேரும் பிழையைக் காட்டும் ‘சிஆர்சி எரர்’ மட்டும் ஏறுகிறதென்றால் பெரும்பாலும் டிஸ்க்கில் குறையில்லை. டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். பழைய எண்ணிக்கை பூஜ்யமாகாது, மேலும் ஏறாமல் நின்றாலே போதும்.